துணி பொய் சொல்லாது

அந்தத் தெருவில் அவனுடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் எல்லாரும் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘நாளைக்கு டெய்லர்’ என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கடை வாசலில் கொண்டுவந்து விட்டுவிடும். எப்போது போய்க் கேட்டாலும் ‘நாளைக்கு’ என்பான். துணியில் இன்னும் கத்தரியே பட்டிருக்காது. ‘எல்லாம் முடிஞ்சுது சார், காஜா மட்டும்தான் பாக்கி’ என்று வாய் கூசாமல் சொல்வான். பொத்தானுக்குத் துளை போட வேண்டுமென்றால் முதலில் சட்டை என்று ஒன்று இருக்க வேண்டுமே என்று யாரும் அவனைக் கேட்டதில்லை. அவன் சொல்கிற விதம் அப்படி.

ஆனால் அவன் பொய்யால் யார் குடியும் கெட்டதில்லை. போன வருடத்துப் பேன்ட் இடுப்பில் ஏறவில்லை என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருகிறவர்களிடம், “உங்க மேல தப்பே இல்ல சார், துணி சுருங்கிடுச்சு. இந்த ரகமே இப்படித்தான், தண்ணி பட்டா போச்சு” என்பான். வந்தவர் துணிக்கடைக்காரனைத் திட்டிக்கொண்டே நிம்மதியாக உட்காருவார். அரை மணியில் இடுப்பைத் தளர்த்திக் கொடுத்துவிடுவான். எந்தத் துணியிலும் பின் தையலுக்குள்ளே இரண்டு விரல் துணி கூடுதலாக விட்டுத் தைப்பது அவன் வழக்கம். மனிதர்கள் பெருப்பார்கள், இளைப்பார்கள், மறுபடியும் பெருப்பார்கள். அதை அவன் பேச்சில் ஒத்துக்கொள்ள மாட்டானே தவிர, தையலில் ஒத்துக்கொள்வான். இளைத்துப்போனவர்களின் துணியைப் பிடித்துக் கொடுக்கும்போதும் பழைய தையலைப் பிரிக்க மாட்டான். அதற்கு உள்ளே தள்ளிப் புதிதாக ஒரு தையல் ஓட்டுவான். உடம்பு தேறினால் புதுத் தையலை மட்டும் உருவிவிடலாம், பழைய அளவு அங்கேயே காத்திருக்கும்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்தவள் இருக்கிறாளே, அவள் நேர் எதிர். ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. மற்றவர்கள் ஊசியைப் பின்னால் மறைத்துக்கொண்டு ‘எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்’ என்று குழந்தைகளிடம் கதை விடுவார்கள். இவள் ஊசியைக் கண்ணுக்கு நேரே காட்டி, “வலிக்கும். கொஞ்ச நேரம் வலிக்கும். அப்புறம் சரியாயிடும்” என்பாள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழந்தைகள் அடுத்த தடவை வரும்போது இந்த அக்காதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும். பெரியவர்களிடம் அந்த வித்தை பலிக்கவில்லை. நாத்தனார் ஆசையாகப் புது வீட்டைச் சுற்றிக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, “சமையலறையில காத்தே வரல” என்றாள். அதிலிருந்து நாத்தனார் அவளிடம் எதையும் கேட்பதில்லை. அவன் அவளுக்கு வைத்த பெயர் ‘நேர்கோடு’. கோபம் வந்தாலும் கொஞ்சல் வந்தாலும் அதே பெயர்தான்.

கல்யாணம் ஆன புதிதிலேயே அவள் ஒரு நிபந்தனை போட்டுவிட்டாள். “ஊர்ல யார்கிட்ட என்ன பொய் வேணா சொல்லுங்க, அது உங்க தொழில். என்கிட்ட மட்டும் சொல்லாதீங்க. ஒரு தடவை சொல்லிட்டீங்கன்னா, அப்புறம் நீங்க சொல்ற நல்லதையும் நான் நம்ப முடியாது. அது எனக்குத்தான் நஷ்டம்.”

அவன் அன்றைக்குத் தலையாட்டியதுதான். வருடக்கணக்காக அந்த வார்த்தையைக் காப்பாற்றினான். கடையிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போது செருப்போடு சேர்த்துப் பொய்யையும் வாசலில் கழற்றி வைத்துவிடுவான் என்று அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

அப்படியிருந்தவளுக்கு வயிற்றில் ஒரு கோளாறு வந்து, குடலில் ஒரு துண்டை வெட்டியெடுக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்: “முதல்ல கொஞ்ச நாள் எடை இறங்கும். அப்புறம் தானா நின்னுடணும். நிக்காம இறங்கிட்டே இருந்தா, மறுபடியும் திறந்து பார்க்க வேண்டி வரும். ஆறு வாரம் கழிச்சு வாங்க. நல்லா சாப்பிடணும், அதுதான் முக்கியம்.”

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், கட்டிலுக்கு அடியில் கிடந்த எடை பார்க்கும் கருவியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டதுதான்.

“ஏன் கொடுத்தே?”

“அது மேல ஏறி நின்னா நம்பர் காட்டும். நம்பரைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்குது.”

அவன் அசந்துபோனான். ஊருக்கெல்லாம் பட்டுப் பட்டென்று உண்மையைச் சொல்கிறவளுக்கு அதைக் கேட்டுப் பழக்கமில்லை என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“ஆனா தெரியாம இருக்கவும் கூடாது இல்ல?” என்று அவளே தொடர்ந்தாள். “ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என் சாம்பல் பேன்ட்டைப் போட்டுப் பார்க்கறேன். இடுப்புல எத்தனை விரல் போகுதுன்னு பார்த்தா போதும். நீங்களே தைச்சது. துணி பொய் சொல்லாது.”

வேலைக்குப் போட்டுக்கொள்ள அவன் அவளுக்குத் தைத்துக் கொடுத்த பேன்ட் அது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டு விரல் போனது. முதல் ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்கு முன்னால் நின்று பொத்தானைப் போட்டு, விரல்களை நுழைத்தாள். மூன்று விரல் தாராளமாகப் போனது. பேன்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டாள். அவன் வைத்துக் கொடுத்த சூப் ஆறி ஆடை படிந்தது. மறுநாளும் அப்படியே. “இறங்கும்னு டாக்டரே சொன்னாரே, இது தெரிஞ்ச கதைதானே” என்று அவன் சொன்னதற்கு, “தெரியும்” என்றாள். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

சாப்பிட்டால்தான் எடை நிற்கும். எடை நிற்கவில்லை என்ற பயத்திலேயே இவள் சாப்பிடவில்லை. இந்தச் சுழலிலிருந்து இவளை எப்படி வெளியே இழுப்பது? கடையில் உட்கார்ந்து யோசித்தான். யோசித்தான் என்பதுகூடச் சரியில்லை. வாய் கட்டுப்பட்டவனுக்குக் கை இருந்தது. அந்த வாரம் நடுவில், இஸ்திரி போட்டு வருகிறேன் என்று பேன்ட்டைக் கடைக்கு எடுத்துப்போனான். இஸ்திரியும் போட்டான். அதற்கு முன்னால் பின் தையலை ஒரு விரல் அகலம் பிடித்து, உள்ளே தள்ளி ஒரு தையல் ஓட்டினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் பொத்தானைப் போட்டுக்கொண்டு விரலை நுழைத்தாள். இரண்டு விரல்தான் போனது. இன்னொரு தடவை நுழைத்துப் பார்த்தாள்.

“ஏங்க! இங்க வாங்களேன்! போன வாரத்தைவிட இறுக்கமா இருக்குது!”

அவன் எட்டிப் பார்த்து, “அப்படியா!” என்றான். ‘அப்படியா’ என்பதில் பொய் எதுவும் இல்லையே என்று பிறகு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அன்றைக்கு அவள் ஒரு கிண்ணம் சூப்பை முழுதாகக் குடித்து, ரொட்டி இருக்கிறதா என்றும் கேட்டாள். அவன் சமையலறைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் ரொட்டியை எடுத்துவந்தான்.

ருசி கண்டுவிட்டால் விடுமா? வாரா வாரம் இஸ்திரி நடந்தது. எவ்வளவு பிடிப்பது என்று தெரிய வேண்டுமே. படியேறும்போது விழுந்துவிடுவாளோ என்பதுபோல இடுப்பைச் சுற்றிக் கை போட்டுக்கொள்வான். இத்தனை வருடம் ஆயிரம் இடுப்பை அளந்த கை அது, நாடா இல்லாமலே கணக்குச் சொல்லும். “என்ன, திடீர்னு புது மாப்பிள்ளை மாதிரி?” என்று அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு தையல்கூட ஓட்டலாம் என்று அவனுக்குத் தோன்றும்.

ஒரு டெய்லர் பெண்டாட்டிக்கு இது புரியவில்லையா என்று கேட்கலாம். பொய் சொல்லத் தெரியாதவர்களுக்கு அப்படியொரு குறை உண்டு. தங்களுக்குத் தோன்றாத வழி மற்றவர்களுக்கும் தோன்றாது என்று இருந்துவிடுவார்கள். அவள் காவல் போட்டது அவன் வாய்க்கு. கையை அவள் சந்தேகப்பட்டதேயில்லை. ஒரே ஒரு தடவை, “முதுகுப் பக்கம் ஏதோ தடிப்பா உறுத்துதே” என்றாள். அவன் இருமிக்கொண்டே தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவள் பேன்ட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்தபடி அறைக்கு நடுவில் நின்றாள்.

“நாலு வாரமா அப்படியே இருக்குது. இறங்கவே இல்ல. எதுக்கு ஆஸ்பத்திரி? அடுத்த மாசம் பார்த்துக்கலாம். நான் வேலைக்குப் போறேன்.”

“அவசரப்படாதே. டாக்டர் வரச் சொன்னாங்கல்ல…”

“எதுக்கு வரச் சொன்னாங்க? இறங்குதா நிக்குதான்னு பார்க்கத்தானே? நின்னுடுச்சே!”

சொன்ன கையோடு போனை எடுத்து அவளுடைய அக்காவைக் கூப்பிட்டாள். “அக்கா, எடை இறங்கவேயில்லக்கா. ஆமா, சத்தியமா. நான் என்னிக்கு உன்கிட்ட பொய் சொல்லியிருக்கேன்?” அந்தப் பக்கம் அக்கா அழுகிற சத்தம் இவன் நின்ற இடத்துக்கே கேட்டது. “நீ சொன்னா சரிதான்டி, நீ சொன்னா சரிதான்” என்று அக்கா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதுவரை அவன் பொய் அவனோடு இருந்தது. இப்போது அது அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. பொய்யே அறியாத வாய் அது. அக்கா மறுபேச்சில்லாமல் நம்பியதே அதனால்தான். போகட்டும், அதுகூடப் பெரிதில்லை. இவள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விட்டு, உள்ளே ஏதாவது ஆகிக்கொண்டிருந்தால்? மறுபடியும் ஒரு ‘நாளைக்கு’ சொல்லிச் சமாளிக்கிற விஷயமா இது?

அவள் போனை வைத்ததும் அவன் கட்டிலில் உட்கார்ந்தான்.

“பேன்ட்டைக் கழட்டிக் கொடு.”

“எதுக்கு? இஸ்திரியா? இப்பத்தானே போட்டீங்க?”

“கொடேன்.”

வேறு உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள். அவன் அதை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பினான். இடுப்பின் பின் தையலைத் தூக்கி அவள் மடியில் வைத்தான். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகத் தையல்கள் ஓடின.

“துணி பொய் சொல்லாதுதான். நான் சொல்ல வெச்சுட்டேன். நீ சாப்பிடாம கிடந்தே. எனக்கு வேற வழி தெரியல.”

அவள் தையல்களைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மறுபடியும் போனை எடுத்தாள்.

“அக்கா, நான் இப்ப சொன்னது பொய். தெரியாம சொல்லிட்டேன். எடை இறங்கியிருக்கு. எவ்வளவுன்னு தெரியல. டாக்டரைப் பார்த்துட்டுச் சொல்றேன். அழாதே, வெச்சுடறேன்.”

பிறகு பேன்ட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டாள். அவன் கதவருகே நின்றான். கடையில் எத்தனையோ பேர் அவனைப் பிடி பிடியென்று பிடித்திருக்கிறார்கள். அதெல்லாம் தோளில் விழுந்த நூலைத் தட்டிவிடுகிற மாதிரி. இந்த ஒரு முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவனால் தாங்க முடியாததாக இருந்தது. என்னைத் திட்டு, வீட்டைவிட்டுப் போகச் சொல்லு, ஆனால் சூப்பை மட்டும் நிறுத்திவிடாதே என்று சொல்ல நினைத்தான்.

வெயில் ஜன்னலைவிட்டு நகர்ந்த பிறகு அவள் குரல் வந்தது.

“இங்க வாங்க. இது எது?”

“அது முதல்ல தைச்சது. உன் பழைய அளவு. அதைப் பிரிக்கல.”

“இது?”

“முதல் வாரம் பிடிச்சது.”

“ஒரு விரல் அகலம் இருக்குது. அடுத்தது அரை விரல்கூட இல்ல. அதுக்கு அடுத்தது இன்னும் பக்கத்துல.” அவள் ரத்தக் குழாய் தேடுவதுபோல விரல் நுனியால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “கடைசி ரெண்டுக்கும் நடுவுல இடமே இல்லையே. ஒட்டிக்கிட்டு ஓடுது.”

“கடைசித் தடவை பிடிக்க ஒண்ணுமே இல்ல. போன வாரம் கை வெச்சுப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தே. ஆனாலும் பயத்துல ஒரு நூல் அளவு பிடிச்சு வெச்சேன்.”

அவள் தலையை நிமிர்த்தினாள். “அப்படின்னா நின்னுடுச்சா?”

“நின்ன மாதிரிதான் இருக்கு.”

“மாதிரியா?”

“நின்னுடுச்சு. என் கைக்கு அப்படித்தான் தெரியுது.”

“ஒரு வாரமா இது உங்களுக்குத் தெரியுமா? இதைத் தெரிஞ்சுக்கத்தானே நான் வாரா வாரம் இந்தப் பேன்ட்டைப் போட்டுப் பார்த்தேன். இதை ஏங்க சொல்லல?”

“இதைச் சொன்னா மத்ததையும் சொல்லணுமே.”

அவள் அழ ஆரம்பித்தாள். ஆபரேஷனுக்குப் போகும்போதுகூட அழாதவள். அவனும் அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான். தன் வாழ்நாளில் சொல்லக் கிடைத்த ஒரே நல்ல சேதியைத் தன் பொய்யாலேயே சொல்ல முடியாமல் அடைத்து வைத்திருந்தோமே என்று அவனுக்கு நெஞ்சு வலித்தது. ஆயிரம் பேருக்கு ‘ஆச்சு, ஆச்சு’ என்று ஆகாததைச் சொன்னவன், ஆனதை இவளிடம் சொல்லவில்லை.

“இப்ப நீங்க நின்னுடுச்சுன்னு சொல்றீங்க. நான் எப்படி நம்பறது? அன்னிக்கே சொன்னேன் இல்ல?”

“நம்பாதே” என்றான். கழுத்தில் எந்நேரமும் தொங்கும் அளவு நாடாவை எடுத்து அவளிடம் நீட்டினான். “நீயே அளந்து பாரு. அப்புறம் டாக்டர் பார்க்கட்டும்.”

அவள் நாடாவை வாங்கி இடுப்பில் சுற்றிக்கொண்டாள். பிடிக்கத் தெரியாமல் பிடித்தாள். நாடா பின்னால் சரிந்தது. அவன் கையை நீட்டி அதை நேராக்கினான். முன்பக்கம் எண்ணை அவளே படித்தாள். நம்பரைக் கண்டால் பயம் என்றவள் அதை வாய்விட்டுச் சத்தமாகவே சொன்னாள். பிறகு பேன்ட்டின் கடைசித் தையலிலும் நாடாவை வைத்துப் பார்த்துவிட்டு, மூக்கை உறிஞ்சினாள்.

“சூப் இருக்குதா?”

“சூடு பண்ணித் தரேன்.”

“பண்ணுங்க. உங்க மேல கோபமாத்தான் இருக்கேன், அதை மறந்துடாதீங்க.”

“மறக்கல.”

அந்த வாரம் அவள் கோபமாகத்தான் இருந்தாள். அதிலும் பொய் கிடையாது. ஆனால் மூன்று வேளையும் சாப்பிட்டாள். பேன்ட்டில் அவன் ஓட்டிய தையல்களை எல்லாம் அவனையே உட்காரவைத்துப் பிளேடால் பிரிக்கச் சொன்னாள். பிரித்த பேன்ட்டை ஒரு பெல்ட் போட்டு இறுக்கிக்கொண்டு, கொசகொசவென்று சுருங்கிய இடுப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தன் கையால் தைத்தது இப்படித் தொங்குவதைப் பார்க்க அவனுக்கு மானம் போயிற்று.

டாக்டரம்மா அவளை எடைக் கருவியில் ஏற்றினார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் புரட்டினார். வெளியே காத்திருந்தவனையும் உள்ளே கூப்பிட்டார்.

“நல்லாவே இறங்கியிருக்கு. ஆனா ரத்தத்துல எல்லாம் சரியா இருக்கு. கடைசியா எப்ப இறங்கினது? இப்பவும் இறங்குதா?”

“நின்னு ரெண்டு வாரமாச்சு” என்றாள் அவள். “முதல் வாரம் நிறைய. அப்புறம் பாதி. அப்புறம் அதுவும் இல்ல. இடுப்பளவு வெச்சுச் சொல்றேன், நானே அளந்தேன்.”

“அப்படின்னா இப்போதைக்கு எதையும் திறக்க வேண்டாம்” என்றார் டாக்டரம்மா. “ஆனா இன்னும் ஒரு மாசம் கவனமா பார்க்கணும். வாரா வாரம் எடை, இடுப்பளவு ரெண்டும் வேணும். சில பேர் வீட்டுல நோயாளி மனசு கஷ்டப்படும்னு கூட்டிக் குறைச்சு எழுதிட்டு வர்றாங்க, அப்புறம் எங்களுக்குத்தான் கஷ்டம். உள்ளதை உள்ளபடி சொல்ற ஆள் யாராவது வீட்டுல இருக்காங்களா?”

அவன் நாற்காலியில் நெளிந்தான். இவள் வாயைத் திறந்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். இப்போது டாக்டர் முன்னாலேயே தன் குட்டு உடையப் போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டான்.

“இவர் இருக்காரே டாக்டர்” என்றாள் அவள். “டெய்லர். அளவெல்லாம் இவரே பார்த்துக்குவார். இவர் பொய்யே சொல்ல மாட்டார்.”

அவன் சட்டென்று நிமிர்ந்தான். அவள் டாக்டரையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் இரண்டும் சிவந்து போயிருந்தன. கட்டிய நாளிலிருந்து அவள் தெரிந்தே சொல்லி அவன் கேட்ட முதல் பொய் அது. முதல் தடவைக்குப் பரவாயில்லை, கொஞ்சமும் தடுமாறாமல் சொல்லியிருந்தாள்.

இருவரும் வெளியே வந்து படியிறங்கினார்கள். கடைசிப் படியில் அவனால் அடக்க முடியவில்லை.

“என்ன நேர்கோடு, அங்க அப்படியொரு அண்டப்புளுகை அவுத்து விட்டுட்டே?”

“அது புளுகா ஆகாம பார்த்துக்கறது இனிமே உங்க பொறுப்பு” என்றாள்.

தெருவைக் கடக்கும்போது அவன் அவளைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டான். இரண்டடி நடந்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

“என்ன, அளக்கறீங்களா?”

சே, வண்டி வருதேன்னு பிடிச்சேன் என்ற பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“ஆமா” என்றான்.

“எவ்வளவு?”

ஒரு நூல் கூட்டிச் சொன்னால் எவ்வளவு சந்தோஷப்படுவாள்! ஒரே ஒரு நூல்.

“போன வாரம் மாதிரியேதான். கூடல. குறையவும் இல்ல.”

அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். அவன் கையை எடுத்துவிடவில்லை.

“பசிக்குது” என்றாள்.

அதை அவன் அப்படியே நம்பினான்.